செலவை ஏற்பவர்

பிப்ரவரி 20

இடம் கிடைத்துவிட்டது.

காலையில் லேபில் ஒரு செத்த கோழியை அறுத்து ஈரலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுப் படித்தேன். அமெரிக்காவில் அயோவா. கோழி நோய்கள் பற்றிய முதுகலைப் படிப்பு, இரண்டு வருடம், கல்விக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. முட்டைக்குப் பேர் போன மாநிலம், நம் நாமக்கல் மாதிரி. மறுபடி கையுறையைப் போட்டுக்கொண்டு மிச்சக் கோழிகளையும் பார்த்து முடித்தேன். ரானிக்கெட், அதாவது வெள்ளைக்கழிச்சல் நோய். பண்ணைக்காரர் வேறு ஏதாவது எழுதித்தரக் கெஞ்சினார், காப்பீட்டுக்காக. மறுத்தேன்.

சாயங்காலம் வீட்டில் சொன்னேன். அண்ணன் கேட்டான்: "எவ்வளவு ஆகும்?" அண்ணி கேட்டாள்: "அப்ப கல்யாணம்?" அம்மா கேட்டாள்: "அங்க குளிரா இருக்குமா?"

என்ன படிக்கப் போகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. பரவாயில்லை. நான் இவர்களைக் கேட்டுத்தான் விண்ணப்பித்தேனா?

பிப்ரவரி 24

பேருந்து நிலையத்துக்கு எதிரே, செல்போன் கடைக்கு மேலே, ஜெரோம் என்பவரின் வெளிநாட்டுப் படிப்பு அலுவலகம். நல்ல மனிதர், வேகமாகப் பேசுகிறார்.

"படிக்கத் தகுதி இருக்கான்னு யுனிவர்சிட்டி பாத்தாச்சுங்க மேடம். கட்டத் தகுதி இருக்கான்னு இனிமேதான் பாப்பாங்க. முதல் வருஷச் செலவு மொத்தத்தையும் பேங்க்ல காட்டோணும். காட்டினாத்தான் யுனிவர்சிட்டியிலிருந்து ஐ-20ங்கற விசாப் படிவம் வரும். அப்புறம் விசா நேர்காணல்லயும் அதையே கேப்பாங்க. யார் பணம், எப்படி வந்தது, ஏன் உங்களுக்குக் குடுக்கறாங்க. அப்பா இருக்காருங்களா?"

"இறந்து ரெண்டு வருஷமாச்சு."

"அப்ப அண்ணன். இல்லீன்னா லோன்." குரலைத் தாழ்த்தினார். "அதுவும் இல்லீன்னா ஒரு ஏற்பாடு இருக்குதுங்க. ஒருத்தர் உங்க கணக்குல பணம் போடுவார். வேலை முடிஞ்சதும் எடுத்துக்குவார். கமிஷன் மட்டும் குடுத்தாப் போதும். எல்லாரும் பண்றதுதான்."

"நான் பண்றதா இல்லைங்க."

"யோசிங்க மேடம், அவசரமில்லை."

யோசிக்க என்ன இருக்கிறது? செத்த கோழிக்குக்கூடப் பொய் எழுதித் தராதவள் நான்.

காட்ட வேண்டியது முப்பது லட்சத்துக்கும் மேல். ஆறு வருட லேப் சம்பளத்தில் நான் சேர்த்தது அதில் கால்வாசியும் வராது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "எவ்வளவு காட்டோணுமாம்?" சொன்னேன். "காட்டினாப் போதுமா, குடுக்கோணுமா?" என்றாள். அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா என்றேன். மோட்டாரை நிறுத்தப் போய்விட்டாள்.

மார்ச் 2

அண்ணன் சம்மதித்துவிட்டான்!

அவனாகவே சொன்னான். "நான் ஸ்பான்சர் பண்றேன் யசோ. பண்ணைக் கணக்குல பணம் நிக்குது. ஸ்டேட்மென்ட், உறுதிமொழிப் பத்திரம், எது வேணுமோ தர்றேன்." அண்ணி எனக்குத் தோசை வார்த்துப் போட்டாள், நெய் விட்டு. அவனைப் பற்றி இவ்வளவு நாள் மனதுக்குள் என்னென்னவோ திட்டியிருக்கிறேன். அப்பா இருந்தால் இந்தக் காட்சியைப் பார்த்துச் சிரித்திருப்பார்.

அம்மா மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு நான் போவதில் இஷ்டமில்லை என்று நினைக்கிறேன்.

மார்ச் 3

லேபில் எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன்.

மார்ச் 9

இன்று ஞாயிற்றுக்கிழமை. சாப்பாடு முடிந்ததும் அண்ணன் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். நாளை மறுநாள் சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரம் வாங்கியிருக்கிறானாம். ஒரு சின்ன வேலை, அரைமணி நேரத்தில் முடிந்துவிடுமாம்.

விடுதலைப் பத்திரம். அப்பா பேரில் இருக்கும் வீடு, பண்ணைக் கொட்டகைகள், நாலு ஏக்கர். எதிலும் எனக்குப் பாத்தியதை இல்லை என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். அன்பின் காரணமாக, எந்தப் பிரதிபலனும் இல்லாமல் என்று தட்டச்சு செய்திருந்தது.

"உனக்கு அமெரிக்கா. எனக்கு இந்தப் பண்ணை. நியாயந்தானே?" என்றான்.

"நீ அந்தப் பணத்தை எனக்குக் குடுக்கறியா, காட்டறியா?"

"காட்டறேன். விசா வந்ததும் எனக்குத் தொழிலுக்கு வேணுமில்ல?"

"அப்ப படிக்க?"

"அங்க போய் வேலை கீலை பாத்துக்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ பார்வைக்கு வெக்கற காசுக்கு, நான் நிஜ நிலத்தை எழுதிக் குடுக்கோணுமா?"

அண்ணி சமையலறையிலிருந்து, "பொட்டப் புள்ளைக்கு இவ்வளவு கணக்கு ஆகாது" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல.

உறையை மூடி அவன் பக்கம் தள்ளினேன். அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவின் மனைவி, எங்கள் இருவருக்கும் தாய், ஒரு வார்த்தை! அதுகூட எனக்கு ஒன்றுமில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

மார்ச் 10

கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன்.

மார்ச் 18

வங்கிக்குப் போனேன். மேலாளர் பொறுமையாகத்தான் கேட்டார். பிரிக்காத சொத்தில் என் பங்கை மட்டும் அடமானம் வைக்க முடியாதாம், வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். "உங்க அண்ணனைக் கூட்டிட்டு வாங்கம்மா, ஒரு வாரத்துல முடிச்சுடலாம்."

என் பங்கு எனக்குத்தான் சொந்தம். ஆனால் அவன் கையைப் பிடித்துக் கூட்டிவந்தால்தான் அது சொத்தாகும். நல்ல சட்டம்.

மார்ச் 27

அண்ணன் என்னோடு பேசுவதில்லை. அண்ணி எனக்கு எடுத்துவைப்பதில்லை. காலையில் ஸ்கூட்டர் சீட்டின் மேல் சாப்பாட்டு டப்பா இருக்கிறது. யார் வைக்கிறார்கள் என்று கேட்கவில்லை, தெரியும்.

தனியார் கடன் நிறுவனம் ஒன்றில் கேட்டேன். உடன் கையெழுத்துப் போட வருமானமுள்ள ஒருவர் வேண்டும் என்றார்கள். லேப் டாக்டரிடம் கேட்டேன். நல்லவர், நெளிந்தார். அவருக்கும் ஒரு மகள் கல்லூரிக்குப் போகிறாளாம். சென்னையிலிருக்கும் சித்தப்பாவைக் கேட்டேன். "உங்க அண்ணன் என்ன சொல்றான்?" என்று அவர் கேட்டதும் போனை வைத்துவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டின்போது அம்மா அந்த அட்மிஷன் கடிதத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். கொடுத்தேன். "தமிழ்ல சொல்லு" என்றாள். களைப்பாக இருக்கிறது, நாளைக்கு என்றேன். கடிதத்தை மடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஏப்ரல் 5

ஐ-20க்கு ஆதாரம் அனுப்பக் கடைசித் தேதி நெருங்குகிறது.

இன்று ஜெரோம் அலுவலகத்துக்குப் போனேன். வெயில் அதிகம், அங்கே ஏசி இருக்கிறது, அதனால்தான். அந்த ஏற்பாட்டுக்காரர் கமிஷன் எவ்வளவு வாங்குவார் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். தெரிந்துகொள்வதில் தப்பில்லை. ஜெரோம் அவருடைய போன் எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஸ்கூட்டரில் வரும்போது தாள் பறந்துவிட்டது.

பறக்கவிட்டேன் என்றும் சொல்லலாம். திரும்பிப் போய்ச் சாலையோரம் கொஞ்ச நேரம் தேடினேன் என்றும் சொல்லலாம்.

ஏப்ரல் 6

இதை முழுக்க எழுத வேண்டும்.

அண்ணனும் அண்ணியும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா வந்து, "என்ன ஆச்சு, பணம் காட்டற விஷயம்?" என்றாள். எங்கிருந்துதான் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததோ.

"ஒண்ணும் ஆகலை. உன் மகன் ஆக விடலை. அன்னைக்கு நீ ஒரு வார்த்தை பேசியிருந்தா ஆகியிருக்கும். வாயத் தொறந்தியா? தட்டெடுத்துட்டிருந்தே!"

அம்மா ஒரு ஈரத்துணியை எடுத்து உதறிக் கொடியில் போட்டாள். நிதானமாகக் கேட்டாள்:

"யாரையெல்லாம் கேட்டே?"

"எல்லாரையும். அண்ணன், பேங்க், லோன் கம்பெனி, லேப் டாக்டர், சித்தப்பா..."

"என்னையக் கேட்டியா?"

நான் அவளைப் பார்த்தேன்.

"முப்பது வருஷம் கவர்மென்ட் சம்பளம் வாங்கியிருக்கேன், கண்ணு. வண்டியில போய் ஊர் ஊரா ஊசி போட்டிருக்கேன், பிரசவம் பாத்திருக்கேன். இப்ப பென்சன் வருது. ராசிபுரம் ரோட்டுல என் பேர்ல ஒரு மனை இருக்குது. உங்கப்பன் வாங்கினதில்லை, நான் வாங்கினது. நீ உங்கப்பன் சொத்துக்குச் சண்டை போட்டே. அண்ணங்கிட்டச் சண்டை போட்டே. என்கிட்ட ஒரு பேச்சு, அம்மா, உன்கிட்ட ஏதாச்சும் இருக்கான்னு கேட்டியா?"

"அந்த மனை அண்ணன் பையனுக்குன்னு எல்லாரும்..."

"எல்லாரும் சொன்னாங்க. நான் சொன்னனா?"

பிறகு நாங்கள் மிச்சத் துணியைக் காயப்போட்டோம். அண்ணனின் லுங்கியும் அதில் இருந்தது. அதையும் அம்மா சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டாள்.

நான் அழவில்லை. சோப்புத் தண்ணீர் கண்ணில் பட்டது.

ஏப்ரல் 11

அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து வங்கிக்குப் போனேன். இஸ்திரி போட்ட நீலச் சேலை, அவள் வேலைக்குப் போன காலத்தில் கட்டியது. கைப்பையில் மனைப் பத்திரம், பென்சன் புத்தகம்.

மேலாளர் எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, "ராஜாமணி அம்மா, உங்க மகன் சம்மதிச்சிருக்காருங்களா?" என்றார்.

"மனை யார் பேர்ல இருக்குதுங்க?"

"உங்க பேர்லதான்."

"பென்சன்?"

"உங்களுதுதான். ஆனா நாளைக்கு வீட்ல ஒரு பிரச்சினைன்னு வரக் கூடாதில்லீங்களா..."

"பிரச்சினை வருமுங்க," என்றாள் அம்மா. "அது எங்க வீட்டுல வரும். உங்க பேங்க்குக்கு வராது. எங்க கையெழுத்துப் போடோணும்?"

மேலாளர் பேனாவை எடுத்து நீட்டினார். வில்லங்கம் பார்க்க வேண்டும், மதிப்பீட்டாளர் வர வேண்டும், இன்னும் நிறைய இருக்கிறது என்றார். ஐ-20க்கு மட்டும் கடிதம் முன்னாலேயே தர முயற்சிப்பதாகச் சொன்னார்.

வழியில் கரும்புச்சாறு குடித்தோம். அட்மிஷன் கடிதத்தைக் கடை பெஞ்சில் வைத்து முழுசாகத் தமிழில் படித்துச் சொன்னேன். "கோழிக்கு வர்ற காய்ச்சல் மனுசனுக்கு வராமத் தடுக்கறதையும் சொல்லித் தருவாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப சரியான படிப்புதான். நான் ஊசி போட்ட மாதிரி."

முதன்முதலாக ஒருவர் கேட்டார், நான் என்ன படிக்கப் போகிறேன் என்று.

மே 6

ஐ-20 போன வாரமே வந்தது, இன்று கடன் ஒப்புதல் கடிதமும் வந்துவிட்டது. மதிப்பீட்டாளர் மனையைப் பார்க்கப் போனது அண்ணன் காதுக்கும் எட்டிவிட்டது.

முற்றத்தில் நின்று கத்தினான். பக்கத்து வீட்டுக்காரர்கள் மாடியில் துணி எடுக்கும் சாக்கில் வந்தார்கள். "என் பையனுக்குன்னு இருந்த மனை! என்னையக் கேக்காம அடமானமா? இவளோட போய் இருந்துக்க. இனிமே இந்த வீட்டுல உனக்கு இடமில்லை."

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இது என்ற புருசன் கட்டின வீடு, கிருபா. இதுல எனக்கும் பங்கு இருக்குது, உன்ற தங்கச்சிக்கும் இருக்குது. நான் எங்கியும் போறதா இல்லை. உனக்குக் கோவம்னா நாலு நாளைக்குப் பேசாதே. காப்பி வேணுமா?"

அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்தான். சாப்பிட்டான். பேசவில்லை.

ஜூன் 12, சென்னை

அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் இன்று விசா நேர்காணல். வரிசையில் எல்லார் கையிலும் ஒரே மாதிரி கோப்பு. எனக்கு முன்னால் நின்ற பையனின் அப்பா மதுரையில் நகைக்கடை வைத்திருக்கிறாராம். அவன் சிரித்துக்கொண்டே போய்ச் சிரித்துக்கொண்டே வந்தான்.

எனக்குக் கிடைக்கவில்லை.

அதிகாரி ஒரு தாளைக் கொடுத்தார், இந்த முறை தகுதி பெறவில்லை என்று. எதற்கு என்று காரணம் சொல்வதில்லை. நான் நன்றாகத்தான் பேசினேன்.

ஜூன் 13

காலையில் பேருந்தை விட்டு இறங்கினேன். அம்மா நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்கு நடக்கும்போது கேட்டாள்: "என்னையப் பத்தி என்ன சொன்னே?"

"சொல்ல வேண்டியதைச் சொன்னேன்."

"அதான், என்ன?"

அந்த அதிகாரி செலவை யார் ஏற்கிறார் என்று கேட்டார். "அப்பா இறந்துவிட்டார், அண்ணன் ஏற்கவில்லை, அதனால் அம்மா" என்றேன். அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டார். "வீட்டில்தான் இருக்கிறார், பென்சன் வருகிறது" என்றேன். அவர் கணினியைப் பார்த்தார். அவ்வளவுதான். எல்லாமே உண்மை. ஒரு பொய் இல்லை.

அம்மா அதைக் கேட்டுக்கொண்டே நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும், "வீட்டுலதான் இருக்கேன், ஆமா" என்றாள்.

ஜூன் 15

அண்ணன் மூன்று மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசினான். அந்தப் பிளாஸ்டிக் உறை மறுபடி வந்தது. அவன் முகத்தில் கேலி இல்லை, உண்மையிலேயே எனக்கு உதவுவதாக நினைக்கிறான். அதுதான் தாங்க முடியவில்லை.

"ஒரு கிழவி பென்சனை நம்பி எவன் விசா குடுப்பான்? பண்ணைக்காரன் தங்கச்சின்னு போ. குடுப்பான். இதுல ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

ஜெரோமும் போனில் அதையேதான் சொன்னார். "ஸ்பான்சரை மாத்துங்க மேடம். அதே தாளைக் கொண்டு போனா அதே பதில்தான் வரும்."

அம்மா தன் அறையில் இருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

"அண்ணா," என்றேன், "நான் மறுபடி போறேன். அதே தாளோட. அதே அம்மாவோட."

"மறுபடி கட்டணம் கட்டோணும், தெரியுமில்ல?"

"என் காசு. கட்டிக்கறேன்."

ஜூன் 28

அம்மாவை உட்காரவைத்துக் கேட்டேன். எந்தெந்த ஊரில் வேலை பார்த்தாள், எப்போது சேர்ந்தாள், மனையை எப்படி வாங்கினாள். கொல்லிமலையில் பாதை இல்லாத காலத்தில் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் சுமந்து ஏறியதைச் சொன்னாள். மனைக்கு முன்பணம் கொடுத்த வருடம் அப்பாவின் கோழிகள் மொத்தமாகச் செத்துப்போயினவாம். அப்பா இந்தப் பணத்தைக் கேட்டாராம். தரவில்லையாம்.

"ஏம்மா தரலை?"

"உங்கப்பனுக்குப் பண்ணை இருந்துச்சு. எனக்குன்னு ஒண்ணு வேணும்னு தோணுச்சு. தப்பா?"

இருபத்தொன்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம்.

ஜூலை 10, சென்னை

இந்த முறை ஒரு பெண் அதிகாரி. கணினியைப் பார்த்துவிட்டு, "போன மாதம் வந்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகு என்ன மாறியிருக்கிறது?" என்றார்.

"ஒன்றும் மாறவில்லை. அதே தாள்கள்தான். போன முறை நான் சரியாகச் சொல்லவில்லை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சரி. செலவை யார் ஏற்கிறார்?"

"என் அம்மா. பெயர் ராஜாமணி. அரசு கிராம சுகாதாரச் செவிலியராக முப்பது வருடம் வேலை பார்த்தவர். எங்கள் பகுதியில் என் வயதுக்காரர்களில் பாதிப்பேருக்கு முதல் தடுப்பூசி போட்டவர் அவர். தன் சம்பளத்தில் வாங்கிய மனையை அடமானம் வைத்து இந்தக் கடனை எடுத்திருக்கிறார். மிச்சம் என் ஆறு வருட சம்பளம்."

"வீட்டில் வேறு யாராவது உதவுகிறார்களா?"

"அண்ணனுக்குக் கோழிப் பண்ணை இருக்கிறது. அவர் பணம் இதில் இல்லை. தேவையும் இல்லை."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பக்கத்து ஜன்னலில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். கடன் கடிதத்தை உள்ளே தள்ளினேன். அவர் அதைப் புரட்டினார். பிறகு கோழிகளைப் பற்றிக் கேட்டார். ஒரு கோழியின் ஈரலைப் பார்த்து என்ன சொல்ல முடியும் என்று. சொன்னேன். இன்னும் சொல்லியிருப்பேன், அவரே கையை உயர்த்தி நிறுத்தினார், சிரித்துக்கொண்டே.

பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டார். திருப்பித் தரவில்லை என்றால் விசா கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

வெளியே வந்து, ஒப்படைத்திருந்த போனை வாங்கி அம்மாவுக்கு அடித்தேன். ரேஷன் கடையில் நின்றிருந்தாள். பின்னால் சத்தம்.

"கிடைச்சுருச்சும்மா."

"என்ன சொன்னே என்னையப் பத்தி?"

சொன்னேன். எல்லாவற்றையும், ஒரு வார்த்தை விடாமல், நடைபாதையில் நின்று உரக்கச் சொன்னேன்.

"பாதிப்பேரு இல்லை," என்றாள். "முக்காவாசிப்பேரு."

ஆகஸ்ட் 8

நாளை கிளம்புகிறேன். பெட்டி மூடாமல் அடம்பிடிக்கிறது. அம்மா மேலே உட்கார, நான் ஜிப்பை இழுத்தேன்.

சாப்பிடும்போது அண்ணன் வெகு நாட்களுக்குப் பிறகு பொதுவாகப் பேச ஆரம்பித்தான். தீவனம் விலை, மழை. அப்புறம் என்னைப் பார்க்காமல் அம்மாவைக் கேட்டான். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் மாதிரி.

"இவ அங்கியே இருந்துட்டா? வேலை கிடைக்கலை, கடன் கட்டலைன்னா? மனை போயிருமே. அப்ப என்ன பண்ணுவே?"

"வந்துருவேம்மா," என்று நான் வாயைத் திறந்தேன். அம்மா கையைக் காட்டி என்னைப் பேசவிடாமல் தடுத்தாள். ரசத்தைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டாள்.

"போனாப் போகட்டும். படிச்சிருப்பால்ல."

அண்ணி கரண்டியோடு நின்றுவிட்டாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை, இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினாள்.

அண்ணிதான் ஊற்றினாள்.